காதைப் பார்க்காமலே காதுக்கு மருந்தா?

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் இரவில் தூங்கவிடாத காதுவலியோடு வந்து நிற்கிறார். காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பதில்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதில்லை. சொட்டு மருந்துக் குப்பி ஒன்றைக் கையில் திணித்து, "மூணு நாள் விடுங்க, சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மருந்துக் கடையில் இது அன்றாடம் நடக்கிறது. பல கிளினிக்குகளிலும் நடக்கிறது. கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளும் இதற்கு விலக்கல்ல. இந்த வழக்கத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம். அலட்சியம் என்று மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக முடியாத அளவுக்கு இதன் விளைவு கொடியது. மூன்று நாள் என்று சொல்லி அனுப்பப்பட்ட சிலருக்கு மண்டையோட்டின் அடி எலும்பே அரித்துப்போகிறது.

இதில் மிகை எதுவும் இல்லை. நீரிழிவு உள்ளவர்களின் வெளிக்காதில் தொடங்கும் ஒருவகைக் கடுந்தொற்று, காதுக் குழாயின் தோலோடு நிற்பதில்லை. குழாயின் குருத்தெலும்பில் இயற்கையாகவே இருக்கும் சிறு பிளவுகள் வழியாகக் கீழே இறங்கி, பொட்டெலும்பைப் பற்றி, மண்டையோட்டின் அடித்தளத்துக்குப் பரவுகிறது. முகத்துக்கும் தொண்டைக்கும் நாக்குக்கும் போகும் நரம்புகள் அந்த அடித்தளத்தின் துளைகள் வழியாகத்தான் வெளியே வருகின்றன. முதலில் முக நரம்பு போகும். வாய் கோணும், கண் மூடாது. இன்னும் பரவினால் குரல் கம்மும், சோறு தொண்டையில் இறங்காது, நாக்கு ஒரு பக்கம் இழுக்கும். மூளையிலிருந்து இரத்தத்தை இறக்கும் பெருஞ்சிரை அடைத்துக்கொள்ளும். மூளை உறையில் தொற்று ஏறும். அமெரிக்கக் காது மருத்துவர் ஜேம்ஸ் சாண்ட்லர் 1968-இல் 13 நோயாளிகளை முன்வைத்து இந்த நோயை விரிவாக எழுதினார். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கவில்லை.

அன்றைக்கு இதற்கேற்ற மருந்துகள் குறைவு. இன்று அப்படிச் சொல்லித் தப்ப முடியாது. பெரும்பாலோருக்கு இந்தத் தொற்றை உண்டாக்குவது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா. அதை அடக்கும் ஊசி மருந்துகள் பல உள்ளன. 1980-களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்த சிப்ரோஃப்ளாக்சசின் எலும்புக்குள் நன்றாகச் சென்று சேர்வதால், மாத்திரையிலேயே பலரைக் குணப்படுத்தவும் வழி பிறந்தது. அப்படியிருக்க, ஒருவர் வாய் கோணி, விழுங்க முடியாமல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார் என்றால், அதற்கு முன்பு கழிந்த வாரங்களில் அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டாக வேண்டும்.

கொடுத்தது அந்தக் குப்பிதான். கடைகளில் அதிகம் போகும் காதுச் சொட்டு மருந்து ஒன்றை எடுத்து அட்டையைத் திருப்பிப் படியுங்கள். பாக்டீரியாவுக்கு ஆஃப்லாக்சசின் அல்லது குளோராம்பெனிகால், பூஞ்சைக்கு குளோட்ரிமசோல், வீக்கத்துக்கு பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வலியை மரத்துப்போகச் செய்ய லிக்னோகெய்ன். இன்னது காரணம் என்று பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக எல்லாவற்றுக்கும் ஒன்றைக் கலந்து வைத்த குப்பி இது. காதில் வரும் சாதாரணப் புண்ணுக்கு ஒருவேளை இது போதும். எலும்புக்குள் இறங்கிவிட்ட தொற்றுக்கு இதில் ஒரு துளியும் போய்ச் சேராது. ஆனால் லிக்னோகெய்ன் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்யும். இந்த நோய் தரும் முதல் எச்சரிக்கை வலிதான்: வெளியே தெரியும் புண்ணுக்குச் சற்றும் பொருந்தாத வலி, படுத்தால் கூடும் வலி, தாடையை அசைத்தால் தெறிக்கும் வலி. அந்த எச்சரிக்கையின் வாயைத்தான் முதலில் பொத்துகிறார்கள். புண்ணுக்குப் புனுகு பூசுவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். ஸ்டீராய்டோ, உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்குத் துணை போகும்.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. இந்தக் குப்பியும் கூடவே தரும் அரைகுறை மாத்திரைகளும் தடயத்தை அழித்துவிடுகின்றன. இரண்டு, மூன்று வாரம் இப்படிக் கழிந்த பிறகு காது-மூக்கு-தொண்டை மருத்துவர் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புகிறார். எதுவும் வளரவில்லை என்று ஆய்வகம் எழுதி அனுப்புகிறது. மேலே இருந்த கிருமி செத்திருக்கும். எலும்பில் இருப்பது உயிரோடுதான் இருக்கும். அது சூடோமோனாஸா, சூடோமோனாஸ் என்றால் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியுமா, மசியாத வகையா, அல்லது ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையா? பதில் சொல்ல வேண்டிய ஒரே சாட்சியைக் கடைக்காரரும் முதலில் பார்த்த மருத்துவரும் சேர்ந்து ஒழித்துவிட்டார்கள். இனி சிறப்பு மருத்துவர் செய்வது ஊகம். பாக்டீரியா என்று ஊகித்து ஊசி போடுவார். இரண்டு வாரம் கழித்து வலி குறையாதபோதுதான் பூஞ்சையோ என்ற ஐயம் வரும். பூஞ்சைக்குத் தரும் வோரிகோனசோல் விலை கூடிய மருந்து, வாரக்கணக்கில் தர வேண்டியது. ஊகம் தவறிய அந்த இரண்டு வாரத்தில் இன்னொரு நரம்பு போயிருக்கும்.

முதல் மாத்திரையைத் தருவதற்கு முன்னால் ஒரு ஸ்வாப் குச்சியால் காதுச் சீழைத் தொட்டெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் இவ்வளவும் வந்திருக்காது. அந்தக் குச்சிக்கும் அதை அனுப்புவதற்கும் ஆகும் நேரம் சீட்டு எழுதும் நேரத்தைவிடக் குறைவு.

இரவு எட்டு மணிக்கு ஏதாவது ஒரு சிறு நகரத்தின் மருந்துக் கடையில் போய் நில்லுங்கள். காதில் பஞ்சு அடைத்த பெரியவர் ஒருவர் மாதாந்திரச் சர்க்கரை மாத்திரை வாங்க வருவார். மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, போகிற போக்கில் கேட்பார்: "தம்பி, காது குடையுது. ராத்திரியில பொட்டுத் தூக்கமில்ல." கடைப் பையன், "சீழ் வருதாய்யா?" என்பான். "லேசா ஈரமா இருக்கு." அவ்வளவுதான் பரிசோதனை. கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கி நாலு சிப்ரோ, நாலு வலி மாத்திரை, ஒரு சொட்டு மருந்து, செய்தித்தாள் கவரில் போட்டு நீட்டுவான். பில் கிடையாது. பெரியவருக்குச் சர்க்கரை இருப்பது அவனுக்குத் தெரியும். அரை நிமிடம் முன்பு மாத்திரை எடுத்துக் கொடுத்ததே அவன் கைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டிய பதிவுபெற்ற மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆளைக் காணோம்.

அந்தக் கவருக்குள் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சர்க்கரை அளவைத் தாறுமாறாக ஏற்றி இறக்கக்கூடியவை. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி நினைவு தப்பலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. மருத்துவர் பார்த்து, அளவு பார்த்து, சர்க்கரையைக் கண்காணித்துத் தர வேண்டிய மருந்து, வெற்றிலை பாக்கு மாதிரி கைமாறுகிறது.

சட்டம் இல்லாமலா? சிப்ரோஃப்ளாக்சசின் 'எச்' அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம், பதிவுபெற்ற மருந்தாளுநர் அல்லாதவர் மருந்து வழங்குவதைத் தடை செய்கிறது. நுண்ணுயிர்க்கொல்லிகள் கட்டுப்பாடில்லாமல் விற்கப்படுவதற்கு எதிராக நாட்டின் மருத்துவச் சங்கங்கள் 2012 ஆகஸ்டில் கூடி ஒரு செயல்திட்டம் வகுத்தபோது அதற்குப் பெயரே 'சென்னைப் பிரகடனம்'. சென்னை பெயர் தந்ததோடு சரி. பக்கத்துக் கேரளம் 2024 ஜனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் திடீர்ச் சோதனை தொடங்கியது. பிரகடனத்துக்கு ஊர் தந்த மாநிலத்தில் கத்தரிக்கோல் இன்னும் ஓயவில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்கு விளக்கம் தர வேண்டும். ஆள் பற்றாக்குறை என்ற பழைய பல்லவி வேண்டாம். எல்லாக் கடைகளிலும் எல்லா மருந்துகளையும் சோதிக்கச் சொல்லவில்லை. காதுச் சொட்டு மருந்தும் சிப்ரோவும் சீட்டு இல்லாமல் ஒன்றாகப் போகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறோம்.

கடைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றினால் அது பாதி நியாயம். படித்துப் பட்டம் பெற்றவர்கள் செய்வது இன்னும் கனமானது. காது வலி என்று வருபவரின் காதுக்குள் ஓட்டோஸ்கோப்பால் பார்ப்பது மருத்துவ மாணவர் கற்கும் ஆரம்பப் பாடம். பார்த்தால், காதுக் குழாயின் குருத்தெலும்பும் எலும்பும் சந்திக்கும் இடத்தில், கீழ்ச்சுவரில், தொட்டால் இரத்தம் கசியும் சிவந்த சதை வளர்ச்சி தெரியும். சர்க்கரை நோயாளியின் காதில் அதைக் கண்டுவிட்டால் சந்தேகம் அந்த நிமிடமே எழ வேண்டும். பார்க்காமல் எழுதுகிறவருக்கு எப்படி எழும்? வேறு சிலர் பார்க்கிறார்கள். அழுக்கு அடைத்திருக்கிறது என்று குழாய்த் தண்ணீரைப் பீச்சிக் கழுவுகிறார்கள். நீரிழிவு உள்ள முதியவரின் காதில் தண்ணீர் பீச்சுவதே இந்த நோயைத் தொடங்கிவைக்கக்கூடும் என்பது 1990-இலேயே மருத்துவ இதழ்களில் வந்த செய்தி. இங்கே அது இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு வாய் கோணிய பிறகு நடப்பது. "காத்து பட்டுடுச்சு" என்று ஊரில் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காதில் சீழ் வடியும் சர்க்கரை நோயாளிக்கு வாய் கோணினால் அதைச் சாதாரண முக வாதம் என்று முடிவு கட்டி ஸ்டீராய்டு மாத்திரை எழுதும் மருத்துவரை என்ன சொல்வது? காரணம் தெரியாத முக வாதத்துக்கு ஸ்டீராய்டு தருவது சரி. இங்கே காரணம் அரையடி தூரத்தில், காதுக்குள் இருக்கிறது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், நோய் எதிர்ப்பைத் தாழ்த்தும். தொற்றுக்கு இரண்டு கதவையும் திறந்துவிட்டாகிறது. முகம் கோணியவரின் காதைப் பார்க்காத மருத்துவர் தன் வேலையில் பாதியைத்தான் செய்திருக்கிறார்.

நாளொன்றுக்கு நூற்றைம்பது பேரைப் பார்க்கும் மருத்துவரிடம் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தை நாமும் அறிவோம். மருத்துவர் பணியிடங்களை நிரப்பச் சொல்லி இதே பக்கத்தில் எழுதவும் தயங்கமாட்டோம். ஆனால் நூற்றைம்பது பேரும் சர்க்கரையோடு காதுவலி சொல்லி வருவதில்லை. வருகிற ஒருவருக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தர முடியாதென்றால் அதை வேலைப்பளு என்று ஏற்க நாம் தயாராக இல்லை.

பூண்டு காய்ச்சிய எண்ணெயும் ஊக்கும் பட்ஸும் காதைக் கெடுப்பவைதாம். அவற்றைக் கண்டிப்பது எல்லோருக்கும் எளிது, எல்லோரும் செய்கிறார்கள். அதனால் இங்கே விட்டுவிடுகிறோம்.

இனி அரசுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி, தமிழ்நாட்டில் 20 வயது கடந்தவர்களில் 14.4 விழுக்காடு. ஏழு பேரில் ஒருவர் என்று கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுப் படியேறிச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். நல்ல திட்டம், அதில் இரண்டு கருத்து இல்லை. அந்தத் தன்னார்வலர் கால் புண் இருக்கிறதா என்று கேட்பார். கண் பார்வை மங்குகிறதா என்று கேட்பார். காதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம் நம் நீரிழிவுப் பராமரிப்பில் இல்லை. சர்க்கரை நோயில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கெட்டு, வெள்ளணுக்களின் வலு குறைந்து, காதுக் குறும்பியின் அமிலத்தன்மை தாழ்ந்து, காதுக் குழாயின் காவல் தளர்ந்துபோகிறது. காலுக்குச் சொல்லப்படும் அதே காரணங்கள்தாம். காலைக் குனிந்து பார்க்கிறோம், காதைத் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நோய் சரியாகக் கண்டறியப்பட்ட பிறகும் நம் மருத்துவமனை நடைமுறை நோயாளியைக் கைவிடுகிறது. இது எலும்புத் தொற்று. குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம் இடைவிடாமல் மருந்து போக வேண்டும், சிலருக்கு அதற்கும் மேல். வலியோ பத்துப் பதினைந்து நாளில் அடங்கிவிடும். வலி போனால் நோய் போயிற்று என்று நினைப்பது மனித இயல்பு. அந்த இயல்பை எதிர்த்து நிற்க வேண்டிய மருந்து வழங்கும் சாளரம், மூன்று நாள், ஐந்து நாள் என்று மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறது. கூலிவேலை செய்கிறவர் இருபது கிலோமீட்டர் பேருந்தில் வந்து, வரிசையில் நின்று, ஐந்து நாள் மாத்திரை வாங்கிக்கொண்டு, ஆறாம் நாள் மறுபடியும் வருவாரா? இரண்டாம் முறை வருவார். நான்காம் முறை வரமாட்டார். தொற்று திரும்பும், திரும்பும்போது பழைய மருந்துக்குப் பழகிய கிருமியாகத் திரும்பும். பிறகு அவரைச் 'சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர்' என்று கோப்பில் எழுதுவார்கள்.

சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம், எலும்பில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. எலும்பின் சுண்ணச்சத்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கரைந்த பிறகே சி.டி.யில் அரிப்புத் தெரியும். தொடக்கத்தில் ஸ்கேன் சுத்தமாக இருப்பது நிம்மதிக்குக் காரணமே இல்லை. மாறாக, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சில ரூபாயில் பார்க்கக்கூடிய ஈ.எஸ்.ஆர். என்ற பழைய இரத்தப் பரிசோதனை இந்த நோயில் வெகுவாக உயர்ந்து நிற்கும். சிகிச்சை பலிக்கப் பலிக்கக் கீழே வரும். விலை மலிவு என்பதாலேயே மதிப்பிழந்த பரிசோதனைகளில் இதுவும் ஒன்று. காதுக்குழாயில் வரும் புற்றுநோயும் கண்ணுக்கு இதே சதை வளர்ச்சியாகத் தோன்றக்கூடும் என்பதால் துணுக்கு எடுத்து பயாப்சி பார்க்காமல் மாதக்கணக்கில் மருந்து தருவதும் தவறுதான்.

ஆகவே நாம் கேட்பது இவை. சர்க்கரை உள்ளவர், அல்லது சர்க்கரை இருக்கிறதா என்று இதுவரை பார்த்திராத நாற்பது வயது கடந்தவர், காதுவலியோடு வந்தால் விரல் நுனியில் சர்க்கரை பார்த்து, ஓட்டோஸ்கோப்பால் காதைப் பார்த்து, சீழ் இருந்தால் மருந்துக்கு முன்பே ஸ்வாப் எடுத்தாக வேண்டும் என்று மக்கள் நல்வாழ்வுத் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பட்டும். அரசு, தனியார் இரண்டுக்கும் அனுப்பட்டும். இரவில் கூடும் வலி, சதை வளர்ச்சி, முகக் கோணல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். ஓட்டோஸ்கோப் இல்லாத, அல்லது பேட்டரி தீர்ந்து மேசை டிராயரில் கிடக்கிற ஆரம்ப சுகாதார நிலையங்கள் எவை என்று கணக்கெடுங்கள். எலும்புத் தொற்று உறுதியானவருக்கு முழுக் காலத்துக்குமான மருந்து, சொந்த ஊரின் சுகாதார நிலையத்திலேயே, சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் கிடைக்க வேண்டும். நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்த் தர முடிகிற அரசுக்கு இது முடியாத காரியமல்ல. தன்னார்வலரின் கேள்விப் பட்டியலில் காதுவலி, காதுச் சீழ் என்று ஒரு வரி கூட்டுவதற்கு நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. நான்கு மருந்துக் கலவைச் சொட்டு மருந்துகளைச் சீட்டின்றி விற்கும் கடைகளின் உரிமத்தில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கை வைக்கட்டும். பத்துக் கடைகளில் வைத்தால் ஆயிரம் கடைகளுக்குச் செய்தி போய்ச் சேரும்.

கடைசியாக ஒரு கணக்கு வேண்டும். ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்ற ஆண்டு இந்தத் தொற்றோடு சேர்க்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் முகம் கோணிய பிறகு வந்தவர்கள் எத்தனை பேர், முதல் காதுவலிக்கும் முதல் கல்ச்சருக்கும் இடையில் ஒவ்வொருவருக்கும் எத்தனை நாள் கழிந்தது, அதற்குள் எத்தனை பேர் கைக்கு அவர்கள் மாறினார்கள் என்பதை நோயாளிகளின் பெயர் இல்லாமல் துறை வெளியிட வேண்டும். ஏடுகள் மருத்துவமனைகளில் இருக்கின்றன. எடுத்துக் கூட்டினால் போதும். வரும் சட்டப்பேரவைக் கூட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை வரும்போது அமைச்சர் அந்த எண்களோடு எழுந்து நிற்க வேண்டும்.